திட்டுக்கு ஒரு வாத்து

"டீயைக் கலக்கறதுக்கு எதுக்கு இவ்வளவு சத்தம்? டம்ளருக்குள்ள கிணறா வெட்டற?"

"சத்தம் ஸ்பூன்ல இல்ல. உங்க காதுல இருக்கு."

"என் காதுல என்ன இருக்கு? உன் வாய்தான் இருக்கு. விடிஞ்சதுலேர்ந்து அதுதான் கேக்குது."

"அப்போ காதைக் கழட்டி அந்த பேட்டரியோட சேத்து சார்ஜுக்குப் போடுங்க. சாயங்காலத்துக்குள்ள ஏறிடும்."

எதிர்வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும்தான். ஸ்பூன் பறந்து வந்து தெருவில் விழுந்தது. பக்கத்துக் கடைத் தையல்காரர் மிஷினை நிறுத்தாமலே "மணி ஏழாயிடுச்சு" என்றார். பேட்டரி வீட்டின் முதல் சண்டை ஏழு மணிக்கு, இரண்டாவது சோறு பரிமாறும்போது, மூன்றாவது விளக்கு வைத்த பிறகு. கடிகாரம் வாங்குகிற செலவு எங்கள் தெருவுக்கு மிச்சம்.

என் சமையலறை ஜன்னல் அந்த வீட்டு வாசலை நேராகப் பார்க்கும். கட்டினவன் செய்த தப்பு, என் தப்பில்லை.

அந்த வீட்டில் அப்போது நாலு பேர். பேட்டரிக்காரர், அவர் பெண்டாட்டி, கல்யாணமாகாத அவர் தங்கை, நாலு வயசுப் பெண் குழந்தை. பிறந்தபோது அவ்வளவு பொடிசாக இருந்ததால் குழந்தைக்குத் தெரு வைத்த பேர் கடுகு. இவர்களில் யார் வாயைத் திறந்தாலும் காய்ச்சின ஈயத்தைக் காதில் ஊற்றின மாதிரிதான் என்பார் தையல்காரர். ஊற்றுவதற்கு அங்கே ஈயத்துக்கும் பஞ்சமில்லை.

முன்னறைதான் கடை. லாரியோ காரோ, எதனுடைய பேட்டரி செத்தாலும் இங்கே தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர் மூடியைச் சூடுகாட்டிப் பெயர்ப்பார். ஆசிட்டைத் தொட்டியில் சாய்த்துவிட்டு உள்ளே இருக்கும் தகடுகளை ஒவ்வொன்றாக உருவுவார். தேறுகிற தகட்டைத் தங்கை கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பாள். சாம்பல் நிறத்தில் பொடி எழும்பி அவள் புருவத்தில் போய் உட்காரும். முப்பத்தொரு வயசுக்காரி, பார்த்தால் நரைத்துப் போனவள் மாதிரி இருப்பாள். தேறாத தகடெல்லாம் இரும்புச் சட்டிக்குப் போகும். அடுப்பேற்றின கொஞ்ச நேரத்தில் ஈயம் உருகி, முகம் பார்க்கலாம் போல மினுங்கிக்கொண்டு நிற்கும். மேலே மிதக்கிற கசடைக் கரண்டியால் ஒதுக்கி அச்சில் ஊற்றுவார். மனுஷனிடம் ஆயிரம் குறை சொல்லலாம், வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஆசிட்டுக்கு அந்த வீட்டில் ரொம்பப் பயம். அவர் அப்பா காலத்தில் ஒரு தடவை தெறித்து முழங்கையில் தோல் போயிருக்கிறது. அதிலிருந்து கடைக்கும் சமையலறைக்கும் நடுவில் சோடா உப்பு கரைத்த வாளி ஒன்று எப்போதும் இருக்கும். அதில் கையை முக்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது. முக்கி எடுத்துவிட்டால் கை சுத்தம். அந்தக் கையாலேயே சோறு பிசையலாம், குழந்தைக்கு ஊட்டலாம். குழந்தை ஆசிட் தொட்டிப் பக்கம் எட்டிப் பார்த்தால் வீடு இரண்டாகிவிடும். ஈயத்தை மட்டும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

"ஆசிட் பாம்பு. ஈயம் பசு மாதிரி. முட்டாது, கடிக்காது, போட்ட இடத்துல கிடக்கும்" என்பார் பேட்டரிக்காரர். ஏதோ அந்த வீட்டிலேயே சாதுவாக இருக்கிற ஒரே ஆள் அதுதான் என்கிற மாதிரி சொல்வார்.

அன்றைக்கும் ஸ்பூன் பறந்ததில் பயந்து கடுகு வீறிட்டு அழுதாள். அழுததற்கும் ஒரு அதட்டல் விழுந்தது. அரைமணி கழித்து நான் எதிர்பார்த்த மாதிரியே அவர் ஒரு தட்டில் ஈரமணலை எடுத்து வைத்துக்கொண்டு குந்தினார். கட்டைவிரலால் ஒரு குழி, ஆள்காட்டி விரலால் ஒரு கழுத்து, குச்சியால் ஒரு மூக்கு. கரண்டியில் ஈயத்தை மொண்டு ஊற்றினார். சுர்ரென்றது. ஆறினதும் அரத்தால் ஓரத்தை ராவி, பொடியை வாயால் ஊதிவிட்டு, மகள் கையில் வைத்தார். வாத்து. அவருக்கு வாத்துதான் வரும். யானை செய்தாலும் வாத்து மாதிரிதான் இருக்கும். மன்னிப்புக் கேட்க இந்த மனுஷனுக்கு வாய் வராது, கைதான் வரும். திட்டுக்கு ஒரு வாத்து. கடுகு அதைக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள், தூங்கும்போது வாயில் போட்டுக்கொள்வாள்.

"இனிக்குதுப்பா" என்று ஒருநாள் சொன்னாள்.

"நான் செஞ்சதுல்ல, இனிக்கத்தான் செய்யும்" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

இந்த வீட்டுக்கு ஏன் இப்படி மூக்கு மேல் கோபம் என்பதற்கு எங்கள் தெருவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். ரத்தம் என்றார் தையல்காரர். அப்பாவும் இப்படித்தான், கோபத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு செத்தார்; கடைசிக் காலத்தில் மணிக்கட்டு தொங்கிப் போய் டம்ளர் கூடப் பிடிக்க முடியவில்லை, ஆனால் பிடிக்க முடியாத கையால் கூட ஓங்கினார். மலச்சிக்கல் என்றாள் பால்காரி. அந்த வீட்டில் நாலு பேருக்கும் அந்தத் தொல்லை உண்டு, எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். மேற்குப் பார்த்த வாசல், வெயில் மண்டைக்கு ஏறுகிறது என்றார் ஒருவர். எனக்கென்று ஒரு காரணம் இருந்தது: திட்டினால் கேட்டுக்கொள்ள ஆள் இருக்கிற ஆண்பிள்ளைக்கெல்லாம் கோபம் வரும். இப்போது அதை வெளியே சொல்வதில்லை.

தங்கைக்கு வந்த வரன்கள் அவள் வாயாலேயே போயின. கடைசியாக வந்த மாப்பிள்ளையின் அம்மா டீயை உறிஞ்சிக் குடித்தாள். இவள் தட்டை நீட்டிக்கொண்டே, "மெதுவாக் குடிங்க, மாடு தண்ணி குடிக்கற மாதிரி இருக்கு" என்றாள். சொன்ன பிறகு அவளே திகைத்துப் போய் நின்றாளாம். வந்தவர்கள் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அண்ணனும் தங்கையும் போட்ட சண்டையில் தையல்காரர் ஒரு சட்டைக்குக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டார்.

ஆனால் பெண்டாட்டி கதை வேறு. அவளுக்கு அந்த ரத்தம் கிடையாது. அதற்கு அஞ்சு வருஷம் முன்னால் அவள் வந்தபோது தண்ணீர்க் குழாயடியில் நின்று சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அவர் கத்தினால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "அக்கா, கோபம் வந்தா அவர் காது மட்டும் தனியா ஆடுது, பாத்திருக்கீங்களா?" என்பாள். இந்தச் சிரிப்பு எத்தனை மாசம் தாங்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஆறு மாசம் என்றேன் நான். இரண்டு வருஷம் தாங்கியது. பிறகு அவளும் அந்த வீட்டு ஆளாகிவிட்டாள். புருஷனுடைய வேலைத் துணியைச் சமையலறைப் படியில் உதறும்போது, பொடி பறக்கிற மாதிரியே அவள் வாயிலிருந்து சொல்லும் பறக்கும்.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டே ஈயத்தை உருக்கினார்கள். சண்டை மூன்று வேளை என்பது போய், வேளை கெட்ட வேளையாகிவிட்டது.

கடுகு மாறினது அப்போதுதான். முன்னால் ஓயாமல் பேசுகிற குழந்தை. என் ஜன்னலைப் பார்த்து "என்ன எட்டிப் பாக்கறீங்க?" என்று கேட்கிற துணிச்சல் அந்தத் தெருவில் அவள் ஒருத்திக்குத்தான் உண்டு. பேச்சு குறைந்துகொண்டே வந்தது. தட்டு, தண்ணி, பூனை எல்லாம் போய் எல்லாவற்றுக்கும் "அது" என்றாள். வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுப்பாள். கஞ்சியைத் துப்புவாள். யாராவது தொட்டால் கடிப்பாள். "உன் வளர்ப்பு" என்றார் அவர். "உங்க வித்து" என்றாள் அவள். தங்கை நடுவில் புகுந்து இரண்டு பேரையும் திட்டினாள். அதட்டல் கூடக் கூட வாத்தும் கூடியது.

ஒருநாள் மழை கொஞ்சம் விட்டிருந்தது. வாசல்படியில் உட்காரவைத்து அம்மாக்காரி கடுகுக்கு முட்டையும் சோறும் ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை வாயைத் திறக்கவில்லை. இரண்டு தடவை சொன்னாள், மூன்றாம் தடவை அறைந்தாள். ஒன்று இல்லை. கை போய்க்கொண்டே இருந்தது. தையல்காரர் ஓடிப்போய்ப் பிடிக்கிற வரைக்கும் நிற்கவில்லை. பிறகு அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமான் மாதிரி.

மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் உட்காரவில்லை. வெளியூரில் இருக்கிற அவள் அண்ணன் வீட்டுக்குக் குழந்தையோடு போய்விடலாம் என்று பார்க்கிறாளாம். பஸ் எப்போது என்று தையல்காரரிடம் விசாரித்தும் விட்டாளாம்.

"அக்கா, இந்த வீட்ல இருந்தேன்னா ஒருநாள் இந்தப் புள்ளைய நானே கொன்னுடுவேன். எனக்கு என்னமோ ஆகுது. நான் இப்படி இல்லையே. நீங்களே பாத்தீங்கல்ல, நான் இப்படியா இருந்தேன்?"

நான் பார்த்திருந்தேன். என்னைவிட நன்றாகப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் உலகத்தில் எல்லோரும் சொல்கிறதைத்தான் நானும் சொன்னேன். வீட்டுக்கு வீடு வாசற்படி, அண்ணன் பெண்டாட்டி எத்தனை நாள் சோறு போடுவாள், மழை முடிந்தால் எல்லாம் சரியாகும். போவது மாதிரியும் இருக்க வேண்டும், போகாத மாதிரியும் இருக்க வேண்டும், ஒரு வாரம் பொறுத்துப் பார் என்று ஈயம் பூசினாற்போல ஒரு யோசனையும் சொன்னேன். அவள் டீ கூடக் குடிக்காமல் எழுந்து போனாள். பஸ்ஸுக்குப் போகவில்லை.

அன்று சாயங்காலம் அவர் செய்ததுதான் இருக்கிறதிலேயே நல்ல வாத்து. இறக்கையெல்லாம் கீறி, கண்ணுக்கு ஒரு புள்ளி வைத்து. பெண்டாட்டி அடித்ததற்கும் சேர்த்து அவரே செய்தார்.

அதிலிருந்து பதினோராம் நாள் காலையில் ஏழு மணிச் சண்டை கேட்கவில்லை. அதற்குப் பதில் தங்கை "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடுகிற குரல் கேட்டது. போய்ப் பார்த்தால் கடுகு தரையில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். கண் மேலே போய்விட்டது. தையல்காரர் கடையைத் திறந்து போட்டபடியே ஓடிப்போய் ஒரு வேனை நிறுத்தினார். ஏறின கூட்டத்தில் நானும் ஏறினேன். அதுவும் என் சுபாவம்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, கண்ணெல்லாம் தூக்கக் கலக்கம். இழுப்பு நிற்க ஊசி போட்டார். குழந்தையின் வலது கை மட்டும் மூடியே இருந்தது. விரலை ஒவ்வொன்றாக விரித்தார். இறக்கை வைத்த வாத்து. கழுத்துப் பக்கம் பல் பதிந்து பளபளவென்றிருந்தது.

"இது என்ன?"

"அவங்கப்பா செஞ்சு குடுத்தது. ஈயம்" என்றாள் தங்கை.

டாக்டரம்மா வாத்தைக் கையில் வைத்து எடை பார்க்கிற மாதிரி நின்றார். பிறகு பேட்டரிக்காரரை வாயைத் திறக்கச் சொல்லி, உதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறோரமாக நீலக் கறுப்பில் ஒரு கோடு ஓடியது. அவர் அப்பாவுக்கும் அந்தக் கோடு இருந்தது. புகையிலைக் கறை என்றுதான் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். என்ன தொழில், எங்கே உருக்குகிறீர்கள், ஜன்னல் உண்டா, எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். சோடா வாளியைப் பற்றி அவர் பெருமையாகச் சொன்னார். டாக்டரம்மா அதை எழுதிக்கொள்ளவில்லை.

"வீட்டுல வேற யாருக்காவது வயித்து வலி இருக்கா? தூக்கமில்லாம, சும்மா சும்மா எரிச்சல் வர்றது?"

பெண்டாட்டி சிரித்துவிட்டாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"யாருக்கு இல்லன்னு கேளுங்க டாக்டர்" என்றாள்.

நாலு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். நாலு பேர் ரத்தத்திலும் ஈயம் இருந்தது. பொடியாக மூச்சில் போயிருக்கிறது, சோற்றில் போயிருக்கிறது, உதறின துணியிலிருந்து தரைக்குப் போய்த் தரையிலிருந்து வாய்க்குப் போயிருக்கிறது. குழந்தைக்கு எல்லாமும் போக, வாத்தும். முதலில் எரிச்சலாகத்தான் வெளியே தெரியும் என்றார் டாக்டரம்மா. நிறையப் பேர் அதைக் குணம் என்று நினைத்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு அந்த இடத்தை விட்டு விலகினால் மெதுவாக இறங்கிவிடும்.

"புள்ளைக்கு?" என்றார் பேட்டரிக்காரர்.

"ரத்தத்துல இருக்கறத மருந்து குடுத்து இறக்கலாம். அது மூளையில பண்ணினத மருந்து திருப்பித் தராது. எவ்வளவு தேறும்னு இப்ப சொல்ல முடியாது. இன்னும் கொஞ்சம் முன்னாடி அந்த வீட்டுலேர்ந்து வெளிய வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டரம்மாவை நர்ஸ் வந்து கூப்பிட்டாள். அந்த வாக்கியம் எப்படி முடியும் என்று நான் கேட்கவில்லை. எதையும் கேட்காமல் விடுகிறவள் இல்லை நான்.

கடுகு ஆஸ்பத்திரியில் கிடந்த வாரங்களில் அவர் கடையைத் திறக்கவில்லை. வீட்டைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லியிருந்தார்கள். அவர்தான் மண்டியிட்டுத் துடைத்தார். கட்டிலுக்கடியிலிருந்தும் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்தும் வாத்துகள் வந்துகொண்டேயிருந்தன. எல்லாவற்றையும் வாசல்படியில் வரிசையாக வைத்தார். நாற்பத்தாறு. பாதிக்கு மேல் தலை இல்லை.

குழந்தை வீட்டுக்கு வந்தது. வீட்டுக்கு என்றால், என் வீட்டுப் பின்னறைக்கு. பெண்டாட்டியும் தங்கையும் குழந்தையோடு என்னிடம் தங்கினார்கள், அவர் எதிரே தனியாக இருந்தார். இடம் கொடுத்ததற்குத் தெருவில் என்னைப் புகழ்ந்தார்கள். நான் பேசாமல் இருந்துவிட்டேன். எதிர்வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. தையல்காரருக்கு மணி தெரியாமல் போய், கடைசியில் கடிகாரம் வாங்கினார்.

ஒரு சாயங்காலம் அவள் தெருவைத் தாண்டிப் போய் அவர் எதிரே படியில் உட்கார்ந்தாள். அவர் தலை நிமிரவில்லை. தையல்காரர் மிஷினை நிறுத்தினார். நான் ஜன்னலில் இருந்தேன்.

"ஏதாவது சொல்லுங்க. கத்தவாவது செய்யுங்க."

"என்னத்தக் கத்த. இத்தன நாள் கத்தினது நான் இல்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களே."

"அப்படி அவங்க சொல்லல."

"பின்ன கத்தினது யாரு?"

"அதத்தான் நானும் கேக்கறேன். அஞ்சு வருஷமா நான் யாரோட குடும்பம் நடத்தினேன்? புள்ளைய அறைஞ்சது யாரு? என் கைதானே போச்சு. ஈயத்துக்குக் கை இருக்கா?"

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நான் வேற தொழில் பாக்கறேன்" என்றார்.

"பாருங்க. நல்லா பாருங்க. ஆனா உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு அந்த வாத்துதான் தெரியுது. நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"கோபமா போறியா?"

"கோபம்லாம் இல்லங்க. அதான் இறங்கிட்டே வருதுன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்காங்களே."

கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியிருப்பார்.

அவர்கள் கிளம்புகிற நாளில் அவர் ஒரு மரவாத்து செய்துகொண்டு வந்தார். பழைய நாற்காலிக் காலைச் சீவிச் செய்தது. இந்தத் தடவை யார் பார்த்தாலும் வாத்து என்று சொல்வார்கள். மூன்று தடவை கழுவினேன் என்றார் யாரும் கேட்காமலே. கடுகு அம்மா இடுப்பில் இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாசம் ஆகியும் ஒரு சொல் பேசியிருக்கவில்லை. ஒரு சொல்லாவது வராதா என்று எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாத்தை வாங்கினாள். வாயில் வைத்தாள். கொஞ்சம் சப்பிப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தாள்.

"இனிக்கல" என்றாள்.

வாத்து கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, சட்டையில் துடைத்து, தன் பையிலேயே போட்டுக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தையல்காரர்தான் சொன்னார், புதுக் கடிகாரத்தைப் பார்த்து.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தங்கை வேறு ஊரில் ஒரு ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரே வருஷத்தில் அந்தக் கடை டிரைவரையே கல்யாணம் செய்துகொண்டாள். மாமியார் டீயை உறிஞ்சித்தான் குடிக்கிறாளாம், இவளுக்கு அது காதிலேயே விழுவதில்லையாம். பேட்டரிக்காரர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய் ஒரு கிடங்கில் காவலுக்கு இருக்கிறார். அங்கே யாராவது அவரைக் கோபக்காரர் என்று சொன்னால் அடிக்க வருவார்களாம். ஒரு நாயைக் கூட அதட்டாத மனுஷன் என்று பேர். பெண்டாட்டி திரும்பி வரவில்லை, அண்ணன் வீட்டிலேயே இருக்கிறாள். அண்ணன் பெண்டாட்டி இன்றுவரை முகம் சுளிக்காமல்தான் சோறு போடுகிறாளாம். இவளும் பழையபடி சாந்தமாகிவிட்டாள், சிரிப்பு மட்டும் வரவில்லை. கடுகுக்கு இப்போது எட்டு வயசு. பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ளவில்லை. நாளெல்லாம் வாயில் விரலைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாளாம். விரலை யாராவது எடுத்துவிட்டால் கோபம் வருமாம். அந்த வீட்டில் இருந்த நாலு பேரில் இன்னும் கோபம் வருவது அவள் ஒருத்திக்குத்தான்.